கரியமில வாயு மீட்டருக்கு மதியக் காற்றைக் காட்டுங்கள்

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்து அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. கதவையும் ஜன்னலையும் இறுக மூடிக்கொண்டு ஒரு குடும்பமே அந்த அறையில் தூங்கினால், அவர்கள் விடும் மூச்செல்லாம் விடியும்வரை அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் வெளிவிடும் மூச்சில் நூற்றுக்கு 4 பங்கு கரியமில வாயு. பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்று கணக்கிட்டால் அது 40,000. அந்தக் கணக்கைத்தான் பிபிஎம் என்கிறார்கள். வெளியில் இருக்கும் காற்றிலோ இன்று சுமார் 425 பிபிஎம்தான் இருக்கிறது.

அதனால் அறைக்குள் கரியமில வாயு ஏறுகிறது என்றால், ஒருவர் விட்ட மூச்சையே இன்னொருவர் இழுக்கிறார் என்று பொருள். வீட்டில் ஒருவருக்குச் சளி என்றால் இது சின்ன விஷயமில்லை. இதைக் காட்டிக்கொடுக்கத்தான் உள்ளங்கை அளவில் மீட்டர்கள் வருகின்றன. 1000 பிபிஎம்மைத் தாண்டினால் ஜன்னலைத் திற என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆனால் திரையில் 950 என்று வந்தால் அது உண்மையிலேயே 950தானா? 1250 ஆக இருக்கக்கூடாதா? தாராளமாக இருக்கலாம். மீட்டரின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால், ஏன் அப்படி ஆகிறது, எப்படிச் சரிசெய்வது என்பது இரண்டும் விளங்கிவிடும்.

இதற்கு ஒரு கண்ணாடி டம்ளரும் காபி டிகாக்‌ஷனும் போதும். டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பூன் டிகாக்‌ஷன் விடுங்கள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். டம்ளரைத் தாண்டி கொஞ்சம் மங்கிய வெளிச்சம் வரும். இன்னொரு ஸ்பூன் விட்டால் இன்னும் மங்கும். எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது என்பதை வைத்தே உள்ளே எத்தனை ஸ்பூன் விழுந்தது என்று சொல்லிவிடலாம். மீட்டர் செய்வதும் இதே வேலைதான்.

முதலில், ஜன்னலுக்குப் பதில் ஒரு குட்டி விளக்கு. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடுகிறது. அடுத்து, டம்ளருக்குப் பதில் ஒரு சின்னக் குழாய். வெள்ளைநிற வடிதுணி போன்ற ஒரு மூடியின் வழியாக அறைக்காற்று தானாகவே அதற்குள் நுழைகிறது. அந்தக் காற்றில் இருக்கும் கரியமில வாயுதான் டிகாக்‌ஷன். அது 4.26 மைக்ரான் அலைநீளத்தில் வரும் ஒளியை மிகவும் விரும்பி விழுங்குகிறது. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அந்த ஒளியைத் தொடுவதே இல்லை. குழாயின் மறுமுனையில், அந்த ஒரு அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி இருக்கிறது. அதற்குப் பின்னால் நம் கண்ணின் இடத்தில் ஒரு உணரி உட்கார்ந்திருக்கிறது. வாயு கூடினால் உணரிக்கு வந்துசேரும் ஒளி குறையும். இந்த முறைக்குப் பெயர் என்டிஐஆர். மீட்டர் வாங்கும்போது பெட்டியில் இந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

டம்ளரில் இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். முதல் ஸ்பூன் விட்டதும் நிறம் சட்டென்று மாறும். பத்தாவது ஸ்பூனுக்கு அவ்வளவு மாற்றம் தெரியாது. ஒளி மங்குவது வாயுவின் அளவுக்கு நேர் விகிதத்தில் நடப்பதில்லை. எந்த அளவு மங்கலுக்கு எத்தனை பிபிஎம் என்ற அட்டவணையைத் தொழிற்சாலையிலேயே சில்லுக்குள் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அந்த அட்டவணை அவ்வளவு சீக்கிரம் கெடாது. கெடுவது வேறு.

ஜன்னல் வெளிச்சம் குறைந்துவிட்டது என்று வையுங்கள். வானம் மூடிக்கொண்டது, அல்லது கண்ணாடியில் தூசி படிந்துவிட்டது. இப்போது டம்ளரில் வெறும் தண்ணீரே இருந்தாலும் பார்ப்பவருக்கு அரை ஸ்பூன் டிகாக்‌ஷன் கலந்தது போலத்தான் தெரியும். மீட்டருக்கும் இதே கதிதான். விளக்கு வயதாகி மங்கும், குழாயின் பளபளப்பு குறையும், உணரியும் கொஞ்சம் சோரும். இவை எல்லாம் சேர்ந்து எண்ணை மெல்ல மெல்ல நகர்த்திவிடும். இதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். கூரியரில் குலுங்கி வந்த புது மீட்டர்கூட முதல் நாளே ஐம்பது, நூறு தள்ளிக் காட்டலாம்.

அப்படியானால் காலிபரேஷன், அதாவது அளவுத்திருத்தம், என்பது என்ன? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சொல் தண்ணீர் பட்ட பாடு. பிரஷர் கேஜிலும் வெர்னியரிலும் அடுத்த காலிபரேஷன் தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தேதி தாண்டிய கருவியை ஆய்வுக்கு வருபவர்கள் ஒதுக்கி வைக்கச் சொல்வார்கள். அங்கே செய்வதன் சாரம் இதுதான்: சரியான விடை நமக்கு முன்பே தெரிந்த ஒரு பொருளைக் கருவிக்குக் காட்டி, அது என்ன சொல்கிறது என்று பார்ப்பது. டம்ளர் கணக்கில், சரியாக ஒரு ஸ்பூன் கலந்த தண்ணீரை நீட்டி ‘இது ஒரு ஸ்பூன்’ என்று சொல்லிக்கொடுப்பது. அந்த ஒரு தகவல் கிடைத்தவுடன் மீட்டர் கணக்கைப் பின்னோக்கிப் போடுகிறது. ஒரு ஸ்பூனுக்கு இவ்வளவு ஒளி மங்க வேண்டும், இப்போது இவ்வளவுதான் வந்து சேர்ந்தது, அப்படியென்றால் ஜன்னல் வெளிச்சம் இவ்வளவுதான் என்று கண்டுபிடித்துவிடுகிறது. அதன்பிறகு எந்த டம்ளரை நீட்டினாலும் சரியாகச் சொல்லும்.

சில மீட்டர்களில் டம்ளருக்குப் பக்கத்தில் ஜன்னலை நேராகப் பார்க்க ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். எந்த வாயுவும் தொடாத வேறொரு அலைநீளத்தில் இரண்டாவது உணரி விளக்கின் வெளிச்சத்தை மட்டும் கவனித்துக்கொண்டே இருக்கும். சென்சிரியன் நிறுவனத்தின் எஸ்சிடி30 அந்த வகை. அதே நிறுவனத்தின் எஸ்சிடி41 ஒளியை எண்ணுவதில்லை. ஒளித் துடிப்பில் வாயு சூடாகி விரியும்போது எழும் நுண்ணிய ஒலியை மைக்கில் கேட்டு அளக்கிறது. இவற்றுக்கும் அவ்வப்போது விடை தெரிந்த காற்றைக் காட்டத்தான் வேண்டும்.

சிக்கல் தொடங்குவது, மீட்டர் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற வசதியில்தான். இதை ஏபிசி என்பார்கள். வாரத்தில் ஒரு தடவையாவது இந்த அறை நன்றாகக் காற்றாடும், அப்போது உள்ளே இருப்பது வெளிக்காற்றாகத்தான் இருக்கும் என்று மீட்டர் நம்புகிறது. அதனால் ஒரு வாரத்தில் பார்த்த மிகக் குறைந்த எண்ணை எடுத்து, ‘இதுதான் 400’ என்று எழுதிக்கொள்கிறது. சென்ஸ்ஏர் எஸ்8 போன்றவற்றில் இந்தக் கெடு ஏழெட்டு நாள். விலை குறைவென்று பலரும் வாங்கும் எம்எச்-இசட்19பி சென்சரில் 24 மணி நேரம்தான். சனி, ஞாயிறுகளில் பூட்டிக் கிடக்கும் அலுவலகத்துக்கு ஏபிசி பொருத்தமான ஏற்பாடு. யாரும் இல்லாத கட்டடத்தில் இரண்டு நாளில் காற்று வெளிக்காற்றின் நிலைக்கு இறங்கிவிடும்.

வீட்டுப் படுக்கையறையின் கதை வேறு. மே மாதத்தில் இரவெல்லாம் ஏசி, பகலில் வெயிலுக்குப் பயந்து மூடிய ஜன்னல், கொசுவுக்குப் பயந்து மாலையிலும் மூடிய ஜன்னல். அந்த அறை வாரம் முழுக்க 650க்குக் கீழே இறங்கவே இல்லை என்று வையுங்கள். மீட்டருக்கு அது தெரியாது. 650ஐ 400 என்று எழுதிக்கொண்டுவிடும். அதிலிருந்து ஏறக்குறைய 250 குறைத்தே காட்டும். சில சென்சர்கள் ஒரே மூச்சில் இதைச் செய்யாமல் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். எப்படியானாலும், ராத்திரி உண்மையில் 1650 இருக்கும்போது திரையில் 1400 வரும். காற்றோட்டம் எந்த வீட்டில் மிக மோசமோ அந்த வீட்டில்தான் மீட்டர் மிக அதிகமாக ஆறுதல் சொல்லும். அதனால்தான் படுக்கையறையில் மீட்டர் வைப்பவர்கள் ஏபிசியை அணைத்துவிட்டு, தாங்களே அளவுத்திருத்தம் செய்வது நல்லது என்கிறேன். காளான் வளர்க்கும் குடிலுக்கு இது கட்டாயம். அங்கே வித்து வளரும் பைகளே இரவும் பகலும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

சரி, விடை தெரிந்த காற்றுக்கு எங்கே போவது? ஆய்வுக்கூடம் என்றால் இவ்வளவு பிபிஎம் என்று சான்றிதழோடு வரும் வாயு சிலிண்டரைத் திறப்பார்கள். அந்தச் சிலிண்டருக்கும் ஒரு பரம்பரை உண்டு. உலக வானிலை அமைப்பின் கரியமில வாயு அளவுகோல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரில், சில முதன்மைச் சிலிண்டர்களில் காக்கப்படுகிறது. 1958 மார்ச்சில் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் அளக்கத் தொடங்கியபோது அவர் வைத்திருந்ததும் அகச்சிவப்புக் கருவிதான். நம் உள்ளங்கை மீட்டரின் மூதாதை அது. கீலிங்கின் தனிச்சிறப்பு, அளவு தெரிந்த வாயுவை அந்தக் கருவிக்கு விடாப்பிடியாகத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டே இருந்ததுதான். அன்று கண்ட சுமார் 313 பிபிஎம், 2024இன் ஆண்டுச் சராசரியில் 424ஐத் தாண்டிவிட்டது என்று இன்று நம்பிக்கையோடு சொல்ல முடிவது அந்தப் பிடிவாதத்தால்தான்.

நமக்குச் சிலிண்டர் வேண்டாம். வெளிக்காற்றே நம் சிலிண்டர். ஆனால் எந்த நேரத்துக் காற்று? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் ‘விடியற்காலை’ என்றுதான் சொல்வார்கள். ஐந்து மணிக் காற்றுதானே சுத்தம்! தூசியைப் பற்றியோ குளிர்ச்சியைப் பற்றியோ நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, கரியமில வாயுவைப் பொறுத்தவரை அந்த நேரம் தவறான நேரம்.

காரணம் இதுதான். ராத்திரியில் மரம், செடி, மண் எல்லாமே கரியமில வாயுவை விடுகின்றன. வெயில் இல்லாததால் இலைகள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. தரை குளிர்ந்து போவதால் அதை ஒட்டிய காற்று மேலே எழாமல் தாழ்வாகத் தேங்கி நிற்கிறது. சென்னையை ஒட்டிய நம் ஆவடியில் என்றால், திருவள்ளூர் நெடுஞ்சாலை லாரிகளின் புகை, விடியற்காலை அடுப்புகள், பருத்திப்பட்டு ஏரிக்கரைப் புல்லின் மூச்சு, எல்லாம் அந்தத் தாழ்ந்த அடுக்குக்குள்ளேயே சேர்கின்றன. அதனால் விடியற்காலை எண், மதியத்தைவிடப் பத்துக் கணக்கில் கூடியிருப்பது இயல்பு. பொழுது ஏறியதும் தரை சூடாகி, காற்று மேலும் கீழுமாகப் புரண்டு உயரத்துக் காற்றோடு கலக்கிறது. மதியத்துக்குப் பிறகு வங்கக் கடலிலிருந்து கடற்காற்று கிளம்புகிறது. மெரினாவுக்கு வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆவடிக்கு எட்டும், ஆனாலும் வரும். அந்தக் காற்றின் எண் உலகச் சராசரிக்கு மிக அருகில் இருக்கும்.

இது வீட்டுக்காரர்களின் கைமருந்து மட்டுமில்லை. இந்திய, பிரெஞ்சு விஞ்ஞானிகள் சேர்ந்து லடாக்கின் ஹான்லே, அந்தமானின் போர்ட் பிளேர், நம் பக்கத்துப் புதுச்சேரி ஆகிய மூன்று இடங்களில் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்து, 2007 முதல் 2011 வரையிலான அளவுகளை வெளியிட்டார்கள். குடுவைகள் பிரான்ஸில் உள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போய் அளக்கப்பட்டன. புதுச்சேரியில் அவர்கள் காற்றைப் பிடித்தது பெரும்பாலும் நண்பகலுக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையில், கடற்காற்று கரையேறும் நேரத்தில். ஊரின் புகை கலக்காத, பரந்த பரப்புக்கே பொதுவான காற்று வேண்டுமென்றால் அதுதான் சரியான வேளை. அதே வங்கக் கடற்கரையில் கொஞ்சம் வடக்கே இருக்கும் நமக்கும் அதே வேளைதான்.

இனி செய்முறை. காற்று வீசும், மழை இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை கடற்காற்று நம்பகமாக வரும். பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் மொட்டை மாடிக்குப் போங்கள். மீட்டரைத் தரையில் வைக்காதீர்கள், அந்தத் தரை கொதித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான சென்சர்கள் 50 டிகிரிக்கு மேல் தாங்குவதில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு நாற்காலி போட்டு அதன் மேல் வையுங்கள், பவர் பேங்கில் இணையுங்கள். பக்கத்தில் ஜெனரேட்டர் புகைபோக்கியோ சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் துவாரமோ இருக்கக்கூடாது.

பிறகு கீழே இறங்கிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மீட்டரின் மேல் குனிந்து எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அது பார்ப்பது உங்கள் மூச்சிலுள்ள 40,000 பிபிஎம்மைத்தான். குறைந்தது அரை மணி நேரம் அது தனியாக இருக்கட்டும். விளக்கும் உணரியும் சூடாகி நிலைக்கு வரவும், குழாய்க்குள் இருந்த வீட்டுக்காற்று வெளியேறவும் அந்த நேரம் வேண்டும். பிறகு மேலே வந்து, மூச்சைப் பக்கவாட்டில் விட்டபடி எண்ணைப் பாருங்கள். பத்து இருபதுக்குள் ஆடிக்கொண்டிருந்தால் காற்று நிலைத்துவிட்டது. ஐம்பது அறுபது என்று தாவினால் எங்கிருந்தோ புகை வருகிறது, இடத்தை மாற்றுங்கள்.

நிலைத்துவிட்டதா? இப்போது மீட்டரின் மெனுவில் காலிபரேஷன் கட்டளையைக் கொடுங்கள். விடையை நாமே தட்டச்சு செய்ய இடம் இருந்தால் 430 என்று கொடுக்கலாம். உலகச் சராசரியோடு, நகர்ப்புறம் என்பதற்காகச் சின்னக் கூடுதல். எஸ்சிடி41 போன்ற சென்சர்கள் இந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். எம்எச்-இசட்19பியில் அதற்கு இடமில்லை. அதன் எச்டி என்ற காலை ஏழு விநாடி தரையிணைப்போடு தொடவைத்தால், காற்று 400 என்றே எழுதிக்கொள்ளும். 2013 மே மாதத்தில்தான் மௌனா லோவாவின் ஒரு நாள் சராசரி முதன்முதலாக 400ஐத் தொட்டது. அந்த எண் இன்றைக்குப் பழசு. அதனால் இவ்வகைச் சென்சரில் வரும் எல்லா எண்களோடும் மனதுக்குள் 30 கூட்டிக்கொள்ளுங்கள். அதற்காக மிகவும் கவலைப்படவும் வேண்டாம். இந்த மீட்டர்களின் இயல்பான பிழையே 40, 50 பிபிஎம், அதோடு காட்டும் எண்ணில் சில விழுக்காடு. நாம் துரத்துவது 250ஐப் போன்ற பெரிய பிழைகளைத்தான்.

ஒரு ஸ்பூனைச் சரியாகச் சொல்கிறது, நான்கு ஸ்பூனையும் சரியாகச் சொல்லுமா? இதைச் சோதிக்க அடுக்களையிலேயே வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 20 லிட்டர் கொள்ளளவுள்ள, மூடி இறுக்கமான அரிசி டப்பா ஒன்றை எடுத்து, மாடிக்காற்று நிரம்பும்படி நன்றாக வீசிவிடுங்கள். அதில் 1000 பிபிஎம் கூட்ட வேண்டுமென்றால் 20 மில்லிலிட்டர் கரியமில வாயு போதும். அதைத் தர 0.07 கிராம் சமையல் சோடா தேவை. எந்த வீட்டுத் தராசும் அதை நிறுக்காது. அதனால் 7 கிராம் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். அதில் 10 மில்லிலிட்டர் எடுத்தால் நமக்கு வேண்டிய 0.07 கிராம் அதில் இருக்கும். மருந்து ஊசிக்குழல் இருந்தால் அளப்பது எளிது.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். போர் தண்ணீரை எடுக்காதீர்கள். அதன் கடினத்தன்மைக்குக் காரணமான உப்புகளிலேயே பைகார்பனேட் இருக்கிறது, அதுவும் புளிப்போடு சேர்ந்து வாயுவாகி எண்ணைக் கூட்டிவிடும். ஆர்ஓ தண்ணீர் நல்லது. பேக்கிங் பவுடரும் ஆகாது, அதில் சோடாவோடு வேறு பொருள்களும் கலந்திருக்கும்.

டப்பாவுக்குள் ஒரு கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் வினிகர் வையுங்கள். பக்கத்தில், சற்று உயரத்தில், பவர் பேங்கோடு மீட்டரை வைத்து டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். சோடாத் தண்ணீரைக் கிண்ணத்தில் விட்டவுடன் மூடிவிடுங்கள். டப்பாவை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து, தெறிக்காமல் கலக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எண் ஓரிடத்தில் நிற்கும். 430இல் தொடங்கியிருந்தால் 1430ஐ ஒட்டி வரவேண்டும். டப்பாவின் கொள்ளளவு, தண்ணீர் அளவு, மூடியின் கசிவு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து விழுக்காடு விட்டுக்கொடுங்கள். அதற்குள் இருந்தால் சில்லில் எழுதிய அட்டவணை நன்றாகவே இருக்கிறது. 900 அல்லது 2200 என்று வந்தால், ஒரு தடவை திரும்பச் செய்து பாருங்கள். அப்போதும் அப்படியே வந்தால் அந்தச் சென்சரை மாற்றிவிடுவதுதான் வழி, அளவுத்திருத்தம் உதவாது.

மலைக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஆவடி கடல்மட்டத்தை ஒட்டிய ஊர். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் இங்கிருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். அதே டம்ளருக்குள் மொத்தக் காற்றே குறைந்துவிடுவதால், மீட்டர் அந்த விகிதத்தில் குறைத்துக் காட்டும். உயரத்தை உள்ளிட இடமிருக்கும் மீட்டரில் அதைக் கொடுத்துவிட்டால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை வாங்கும்போதே தேவைப்படுவது. மிக மலிவான சில கருவிகளில் கரியமில வாயுவை அளக்கும் பாகமே கிடையாது. காற்றிலுள்ள வேறு ஆவிகளை முகர்ந்துவிட்டு, மனிதர் இருந்தால் இவ்வளவு கரியமில வாயு இருக்கலாம் என்று ஊகித்து ஒரு எண்ணைத் தருகின்றன. சானிடைசர் தடவிய கையை அருகே கொண்டுபோங்கள். மூச்சு படாமல் இருந்தும் எண் ஆயிரக்கணக்கில் எகிறினால் அது ஊகிக்கும் கருவி. அதற்கு எந்தக் காற்றைக் காட்டினாலும் பயனில்லை.

எத்தனை நாளைக்கு ஒருமுறை இதைச் செய்வது? ஏபிசி அணைத்த வீட்டு மீட்டருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது என் கணக்கு. மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டுமே கடற்காற்றுக் காலத்துக்குள் வந்துவிடும், வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் குறுக்கே வராது. கைதவறிக் கீழே விழுந்தாலோ, ஏதாவது ஒரு பிற்பகலில் மாடியில் 480க்கு மேல் அல்லது 380க்குக் கீழ் காட்டினாலோ காத்திருக்க வேண்டாம். செய்த தேதியையும், திருத்துவதற்கு முன்பு மாடியில் அது காட்டிய எண்ணையும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டிவையுங்கள். இரண்டு மூன்று ஸ்டிக்கர் சேர்ந்தபின், உங்கள் மீட்டர் ஆறு மாதத்தில் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்துவிடும். நகர்வு இருபது முப்பதுதான் என்றால் அடுத்த திருத்தத்தை ஒரு வருடத்துக்குத் தள்ளிப்போடலாம்.